எல்லாரும் வரல்ல: மன்திக்கும் நஹ்வும் ஊவாத் தோட்டப் பேச்சும்

பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காலைப் பெரட்டு நடக்கிறது. கங்காணி கணக்கப்பிள்ளையிடம் "பத்துப் பேரும் வரல" என்கிறார். இந்த மூன்று சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது. பத்துப் பேரில் ஒருவர்கூட வரவில்லை என்பது ஒன்று. பத்துப் பேரும் முழுசாக வரவில்லை, சிலர்தான் வந்திருக்கிறார்கள் என்பது மற்றது. தோட்டத்தில் இது இலக்கணக்காரர்களின் பொழுதுபோக்கு இல்லை. அங்கே 'பேர்' என்பது ஆளின் பெயர் மட்டுமன்று, ஒருநாள் கூலியும் அதுதான். "அரைப் பேர் போட்டுட்டாங்க" என்றால் அரைநாள் சம்பளம் என்று அர்த்தம். கங்காணி எந்தப் பொருளில் சொன்னார் என்பதைப் பொறுத்துச் சிலருடைய அடுப்பு எரியும், எரியாது.

பேச்சில் குழப்பம் வருவது குறைவு. 'பத்துப் பேரும்' என்பதை இழுத்து நிறுத்தி, பிறகு 'வரல' என்றால் ஒருவருமில்லை. 'பத்து' என்பதில் அழுத்தம் விழுந்தால் சிலர் வந்திருக்கிறார்கள். எழுத்தில் அந்த இழுப்பும் அழுத்தமும் இல்லாமற் போகின்றன. சட்டமும் ஹதீஸ் மொழிபெயர்ப்பும் எழுத்தில்தான் நம் கைக்கு வருகின்றன. ஆகவே இந்த 'உம்'மை விடாமல் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னே போய்வர விரும்புகிறேன்.

இதே சிக்கலை அரபியில் மிக நுட்பமாகப் பார்த்தவர் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி. ஹிஜ்ரி 471இல் மறைந்தவர். 'தலாயிலுல் இஃஜாஸ்' என்ற தமது நூலில் 'குல்லு' என்ற சொல்லுக்கு முன்னால் மறுப்பு வருவதற்கும், 'குல்லு' முன்னே நின்று மறுப்பு பின்னே வருவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் விரித்துரைத்தார். மறுப்பு முன்னால் வந்தால் முழுமைதான் மறுக்கப்படுகிறது, சில எஞ்சியிருக்கலாம். 'குல்லு' முன்னால் வந்தால் ஒவ்வொன்றும் மறுக்கப்படுகிறது. பிற்காலத்தில் பலாகா படித்தவர்கள் முதலாவதை 'ஸல்புல் உமூம்' என்றும் இரண்டாவதை 'உமூமுஸ் ஸல்ப்' என்றும் அழைத்தார்கள். தஃப்தாஸானியின் 'முக்தஸருல் மஆனி' ஓதிய ஆலிம்களுக்கு இவை பழகிய சொற்கள்.

இதற்கு எடுத்துக்காட்டாக வருவது துல்யதைன் (ரழி) பற்றிய ஹதீஸ். நான்கு ரக்அத் தொழுகையில் நபி (ஸல்) அவர்கள் இரண்டாவது ரக்அத்திலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா, அல்லது தாங்கள் மறந்துவிட்டீர்களா என்று துல்யதைன் கேட்டார். அதற்கு வந்த விடையில் 'குல்லு' முன்னே நிற்கிறது, மறுப்பு பின்னே வருகிறது. ஆகவே சுருக்கப்படவும் இல்லை, மறக்கவும் இல்லை என்பதே பொருள். துல்யதைனின் மறுமொழி, அவற்றில் ஏதோ ஒன்று நடந்தது என்பது. மன்திக் படித்தவர் இந்த இடத்தில் புன்னகைப்பார். 'ஸாலிபா குல்லிய்யா'வுக்கு நேர்முரண் 'மூஜிபா ஜுஸ்இய்யா' என்று ஈஸாகோஜியில் மனனம் செய்த பாடம், மதீனாவின் பள்ளிவாசலில் இயல்பான உரையாடலாக நடந்திருக்கிறது.

இதைத் தமிழாக்குவதில் ஒரு தொல்லை உண்டு. "அவை எல்லாம் நடக்கவில்லை" என்று எழுதினால் கங்காணியின் வாக்கியத்தில் இருந்த அதே இரட்டைப் பொருள் வந்துவிடும். தமிழில் மறுப்பு எப்போதும் கடைசியில் வினையோடுதான் நிற்கும். 'குல்லு'வை முன்னும் பின்னும் நகர்த்திப் பொருளைப் பிரிக்கும் வசதி அரபிக்கு உண்டு, நமக்கு இல்லை. நாம் வேறு சொல்லைத் தெரிய வேண்டியிருக்கிறது: "அவற்றில் எதுவும் நடக்கவில்லை." 'எல்லாம்' போய் 'எதுவும்' வந்ததும் ஐயம் தீர்கிறது. பதுளைக் கடைவீதியில் இதற்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. "எல்லாரும் வரல்ல" என்பதும் "ஒத்தரும் வரல்ல" என்பதும் வேறு வேறு என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். உஸூலுல் ஃபிக்ஹில் ஒரு விதி இருக்கிறது: குறிப்பில்லாத பெயர் மறுப்பின் கீழ் வந்தால் அது பொதுமையைத் தரும். "ஒத்தரும் வரல்ல" என்பது அந்த விதியின் தமிழ் உருவம். கலிமாவின் முதற்பாதியை மொழிபெயர்க்கும்போது 'எவரும்', 'வேறு யாரும்' என்று உம்மையை நாடிப் போகாமல் தப்ப முடியாததும் இதனால்தான்.

மொழியை அளவையியலால் விளக்க முடியுமா என்ற கேள்விக்கு நம் வரலாற்றில் ஒரு பெயர்பெற்ற வழக்கு உண்டு. 932ஆம் ஆண்டளவில் பக்தாதில் வஸீர் இப்னுல் ஃபுராத்தின் சபையில் நடந்தது. ஒரு பக்கம் அபூ பிஷ்ர் மத்தா, கிறிஸ்தவர், அரிஸ்டாட்டிலின் நூல்களை ஸிரியாக் மொழி வழியாக அரபிக்குக் கொண்டுவந்தவர். மறுபக்கம் அபூ ஸயீத் அஸ்ஸீராஃபி, ஸீபவைஹியின் 'அல்கிதாப்'புக்கு உரை எழுதிய நஹ்வு அறிஞர். உண்மையையும் பொய்யையும் பிரித்தறிய மன்திக் தவிர வேறு வழியில்லை என்பது மத்தாவின் கட்சி. கருத்துகள் எல்லா மக்களுக்கும் பொது, சொற்கள்தான் வேறு, ஆகவே மன்திக்காரனுக்கு நஹ்வு தேவையில்லை என்றார். ஸீராஃபி விடவில்லை. நீர் மன்திக் என்று சொல்வது கிரேக்கர் தம் மொழிக்குச் செய்த நஹ்வு, எமது நஹ்வு அரபியின் மன்திக் என்ற போக்கில் வாதாடினார். கிரேக்கமே தெரியாமல் கிரேக்கரின் அறிவை விற்கிறீரே என்று குத்தவும் செய்தார். பிறகு ஒரேயொரு எழுத்தைப் பற்றிக் கேட்டார்: 'வாவ்'. 'உம்' என்று நாம் மொழிபெயர்க்கிற அந்த இணைப்பெழுத்துக்கு எத்தனை பொருள், எங்கெங்கே எப்படி வரும்? மத்தா பதில் சொல்லவில்லை. அது நஹ்வு, நான் அதைப் பார்த்ததில்லை என்றார்.

இன்னொரு கேள்வியும் வந்தது. ஸைத் சகோதரர்களில் சிறந்தவன் என்று சொல்லலாமா, ஸைத் தன் சகோதரர்களில் சிறந்தவன் என்று சொல்லலாமா? இரண்டும் சரி என்றார் மத்தா. ஸீராஃபி திருத்தினார். ஸைத் 'தன் சகோதரர்கள்' என்ற கூட்டத்தில் ஓர் ஆள் இல்லை, ஆகவே அவர்களில் சிறந்தவனாக முடியாது. இதை நமக்குச் சொல்லிவைத்த அபூ ஹய்யான் அத்தவ்ஹீதி, ஸீராஃபியிடம் படித்தவர். மத்தாவின் தரப்பு முழுசாகப் பதிவாகியிருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் அந்த ஸைத் கேள்வி, ஒரு கூட்டத்தில் யார் உறுப்பு, யார் உறுப்பில்லை என்ற சுத்தமான அளவையியல் கேள்வி. நஹ்வுகாரர் மன்திக்காரரை மன்திக்காலேயே வென்றிருக்கிறார். மத்தாவின் வழியில் வந்த ஃபாராபி பின்னர் இரண்டுக்கும் இடம் ஒதுக்கினார்: சொல்லுக்கு நஹ்வு எப்படியோ, அறிவுக்கு மன்திக் அப்படி.

அந்த வாவ் கேள்வியைத் தமிழ் இலக்கணக்காரர்களிடம் கேட்டிருந்தால் அவர்கள் திணறியிருக்க மாட்டார்கள். தொல்காப்பியத்தின் இடையியல் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். நன்னூலும் எட்டுத்தான் சொல்கிறது. இவற்றில் எண்ணும்மை என்பது 'வாப்பாவும் உம்மாவும்' என்று அடுக்குவது. முற்றும்மை என்பது 'எல்லாரும்', 'பத்துப் பேரும்' என்று முழுமை காட்டுவது. எச்சவும்மை என்பது 'அவனும் வந்தான்' என்று சொல்லி மற்றவர்களை நினைவுபடுத்துவது. அதோடு நிற்கவில்லை. முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருளும் தரும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் தனியே சூத்திரம் செய்திருக்கின்றன. 'பத்தும் கொடாதே' என்றால் சிலவற்றைக் கொடு என்றும் ஆகும் என்பது உரையாசிரியர்கள் காட்டும் வகை. கங்காணியின் "பத்துப் பேரும் வரல" அப்படியே இங்கே இருக்கிறது. ஜுர்ஜானி 'ஸல்புல் உமூம்' என்ற பெயருக்குரிய பொருளைக் கண்ட இடத்துக்குத் தமிழ் உரைகாரர்கள் தங்கள் பாதையில் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நம் ஊர்களில் இவை இரண்டும் சந்திக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதிவந்த ஆலிம்களிடம் ஈஸாகோஜி இருந்தது. பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியாரிடம் நன்னூல் இருந்தது. இருவரும் ஒரே ஜமாஅத்தில் தொழுதார்கள், ஒரே கடையில் தேத்தண்ணி குடித்தார்கள். ஒருவருடைய 'ஸூர்' மற்றவருடைய 'முற்றும்மை' என்று பேசிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஈஸாகோஜி என்பதே போர்ஃபிரி எழுதிய கிரேக்க நூலின் பெயர், 'முன்னுரை' என்பதுபோல் பொருள்தரும் சொல். 13ஆம் நூற்றாண்டின் அஸீருத்தீன் அல்அப்ஹரியின் அரபு நூலுக்கு அந்தப் பெயரே நிலைத்தது. கிரேக்கத்திலிருந்து அரபிக்கு வந்த பாலம் பதுளைவரை நீண்டது. பக்கத்து வகுப்பறைக்கு நீளவில்லை.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. அடுக்கவும் முழுமை காட்டவும் தமிழ் ஏன் ஒரே 'உம்'மை வைத்திருக்கிறது? இலக்கணம் எட்டுப் பொருளைப் பட்டியலிட்டதே தவிர, எட்டும் ஏன் ஓர் இடைச்சொல்லில் கூடின என்று சொல்லவில்லை. அளவையியல் உதவுவது இங்கேதான்.

தோட்டத்துச் செக்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் பெயர்கள்தாம் நமது உலகம். அன்றைக்கு அடையாளம் விழுந்த பெயர்கள் 'வந்தார்' என்ற வினையின் பொருள். "எல்லாரும் வந்தாங்க" என்பது எப்போது உண்மை? முதற்பெயரும், இரண்டாம் பெயரும், மூன்றாம் பெயரும் என்று கடைசிவரை அடையாளம் விழுந்திருந்தால். அதாவது முற்றும்மை என்பது செக்ரோல் முழுக்க ஓடிய எண்ணும்மை. "யாரோ வந்தாங்க" எப்போது உண்மை? முதலாமவரோ, இரண்டாமவரோ, மூன்றாமவரோ, யாரோ ஒருவர் வந்திருந்தால். 'ஓ' என்பது செக்ரோல் முழுக்க ஓடிய 'அல்லது'. 'ஆவது' என்பதும் அப்படியே: "தேத்தண்ணியாவது கோப்பியாவது", "யாராவது". ஒன்றில் எல்லாம் சேர்ந்து உண்மையாக வேண்டும், மற்றதில் ஒன்று உண்மையானால் போதும். மறுப்பைப் போட்டால் இரண்டும் இடம் மாறும். எல்லாரும் வந்தார்கள் என்பதை மறுத்தால் யாரோ ஒருவர் வரவில்லை. யாரோ வந்தார் என்பதை மறுத்தால் ஒருத்தரும் வரவில்லை.

இது தமிழுக்கு மட்டுமான குணமும் இல்லை. பதுளைச் சந்தையில் நிற்பவருக்கு அடுத்த காதிலேயே சிங்களம் கேட்கும். 'மமத் ஒயாத்' என்று அடுக்கும் அந்தத் 'த்' ஓசைதான் 'கவுருத்' என்பதிலும் வருகிறது. 'கவுருத் ஆவே நே' என்றால் ஒத்தரும் வரல்ல. 'தே ஹரி கோப்பி ஹரி' என்று விருப்பம் கேட்கும் 'ஹரி'தான் 'கவுரு ஹரி', அதாவது யாராவது. மலைநாட்டு மலாய்ப் பேச்சில் 'லே' என்ற ஒட்டு இவ்வகை வேலையைச் செய்கிறது. எங்கேயோ இருக்கும் ஜப்பானிய மொழியிலும் 'மோ', 'கா' என்ற இரண்டு ஒட்டுகள் இப்படியே நடக்கின்றன. மலையாளத்தின் 'உம்', 'ஓ' பற்றி கே. ஏ. ஜயசீலன் 2001இல் விரிவாக எழுதினார். 2015இல் அன்னா ஸபோல்ச்சி பல மொழிகளையும் சேர்த்து வைத்து இந்த ஒட்டுகள் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி ரிச்சர்ட் மொண்டேகு. மனிதர் பேசும் மொழிக்கும் அளவையியலாளர் கட்டும் செயற்கை மொழிக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை என்று 1970இல் எழுதியவர், அடுத்த வருடமே கொலையுண்டு இறந்தார். மத்தா உயிரோடிருந்தால் கைதட்டியிருப்பார்.

ஆனால் ஸீராஃபிக்கும் ஒரு கைதட்டல் மிச்சம் இருக்கிறது. "தொரையும் லயத்துக்கு வந்துட்டாரு" என்று ஒரு கொழுந்து பறிக்கும் பெண் சொன்னால், அந்த 'உம்' என்ன? செக்ரோல் கணக்குப்படி, வந்தவர்களில் துரையும் ஒருவர், அவ்வளவுதான். ஆனால் அவள் சொன்னது அது இல்லை. துரை ஒருநாளும் லயத்துப்பக்கம் எட்டிப் பார்க்காதவர், அவரே வந்துவிட்டார் என்றால் விசயம் பெரிசு என்கிறாள். நம் இலக்கணம் இதைச் சிறப்பும்மை என்று எட்டில் ஒன்றாக வைத்தது. இன்றைய ஆய்வாளர்கள் இதற்கும் சூத்திரம் எழுதியிருக்கிறார்கள்: எதிர்பார்ப்பின்படி ஆட்களை வரிசைப்படுத்திக் கடைசியில் நிற்பவரைத் தொடுவது என்பதுபோல. சரிதான். எனினும் அந்த வரிசையில் துரை ஏன் கடைசியில் நிற்கிறார் என்பதை எந்தச் சூத்திரமும் தராது. அதற்குத் தோட்டத்தில் வாழ்ந்திருக்க வேண்டும்.

ஊவா மக்களின் தலையெழுத்தை 'உம்', 'ஆவது' என்ற இரண்டு இடைச்சொற்கள் தீர்மானித்த காலம் ஒன்றுண்டு. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளையில் வென்றவர் எஸ். எம். சுப்பையா. அடுத்த ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து, நவம்பர் 15இலிருந்து நடைமுறையானது. அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாவதற்கான நிபந்தனையைக் கங்காணித் தமிழில் சொன்னால் இப்படி வரும்: தகப்பன் இங்கே பிறந்திருக்கணும், இல்லாட்டி தகப்பனுடைய தகப்பனும், அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்கணும். வெளிநாட்டில் பிறந்தவருக்கு இன்னும் இறுக்கம்: தகப்பனும் பாட்டனுமாவது, பாட்டனும் பூட்டனுமாவது. தாய்வழி கணக்கிலேயே வராது.

வாக்கியமாகப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத வாக்கியம். ஈஸாகோஜி படித்த பிள்ளையால் கட்டம் போட்டு விளக்க முடியும். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தகப்பன் இங்கே பிறந்தார் என்பது ஒரு கூற்று. தகப்பன் இங்கே பிறந்தார் என்று காட்டக் கடதாசி இருக்கிறது என்பது வேறு கூற்று. முதலாவது உண்மையாக இருந்து இரண்டாவது பொய்யாக இருக்கலாம். தோட்ட லயங்களில் பிறந்த எத்தனையோ பேருடைய நிலை அதுதான். 'பிரஜை என்று நிரூபிக்கப்படவில்லை' என்பதிலிருந்து 'பிரஜை அல்ல' என்பதற்குப் போவது மன்திக்கில் செல்லாத பாய்ச்சல். கச்சேரியில் அது செல்லுபடியானது.

1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பதுளைக் கடைவீதியில் வியாபாரம் செய்த தமிழ்நாட்டு முஸ்லிம்கள், குடிசன மதிப்பீட்டில் 'இந்தியச் சோனகர்' என்று தனியே எண்ணப்பட்டவர்கள், தோட்டத் தொழிலாளரோடு இங்கே ஒரே வரிசையில் நின்றார்கள். 1946 ஜனவரி 1க்கு முன் மணமாகாதவர் பத்து வருடமும், மணமானவர் ஏழு வருடமும் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும். மனைவியின் வதிவுக்கும், தங்கி வாழும் ஒவ்வொரு சிறு பிள்ளையின் வதிவுக்கும் நிபந்தனை இருந்தது.

அந்த 'ஒவ்வொரு பிள்ளையும்' என்பதை மறுபடி செக்ரோலில் வைத்துப் பாருங்கள். ஐந்து பிள்ளையில் நாலு பேர் இங்கேயே வளர்ந்து, ஒரு பிள்ளை மட்டும் ஊரில் பாட்டியிடம் விடப்பட்டிருந்தால் முற்றும்மை உடைந்துவிடும். பிள்ளையே இல்லாதவருக்கு அது தானாக நிறைவேறும், ஏனெனில் உடைப்பதற்கு ஆளில்லை. இப்படி வெறுங்கூட்டத்தின்மேல் சொல்லும் 'எல்லாம்' உண்மை என்று கொள்வது ஃப்ரேகேக்குப் பின்வந்த நவீன அளவையியலின் வழக்கம். நம் மன்திக் நூல்களில் உடன்பாட்டுக் கூற்று உண்மையாக எழுவாய் இருந்தாக வேண்டும். அதிகாரி எந்தப் பள்ளியைச் சேர்ந்தவரானாலும் விண்ணப்பதாரருக்குத் தெரிந்தது ஒன்றுதான், பிள்ளை அதிகமானால் ஆபத்தும் அதிகம். ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் போயின, அவற்றில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்கள் அடங்கியிருந்தார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இலக்கணத்தை விட்டுவிட்டு எண்ணுக்குப் போனது: 975,000 பேரில் 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மிச்சம் 150,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தைப் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். எந்த 525,000 என்று தொகைக்குத் தெரியாது. பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் இரயில் ஏறியவர்களுக்குத் தெரியும்.

2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தில் வாக்கியம் மாறியது. 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவழியினர், அல்லது இங்கே வசிக்கும் அவர்களது வழித்தோன்றல் என்று அது சொல்கிறது. 1948இல் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று படிப்படியாக எண்ணிய இடத்தில் இப்போது 'வழித்தோன்றல்' என்ற ஒரே சொல் நிற்கிறது. மகனோ, பேரனோ, பேரனின் பேரனோ என்று முடிவில்லாமல் ஓடக்கூடிய ஓகாரம் அதற்குள் இருக்கிறது. எத்தனை தலைமுறை என்று சொல்லாமலே இந்த உறவை வரையறுக்க முடியும் என்று காட்டியவர் கொட்லொப் ஃப்ரேகே. 1879இல் வெளிவந்த அவருடைய சிறு நூலின் மூன்றாம் பகுதி முழுக்க அதுதான். ஊவாவில் அப்போது கோப்பிச் செடிகள் நோய் பிடித்து வீழ்ந்துகொண்டிருந்தன.